கட்டைவிரல் எட்டும் தூரம்

“கைக்கு அடக்கமா வேணுமாண்ணே, கண்ணுக்கு நெறைவா வேணுமா?”

மதுரை டவுன்ஹால் ரோட்டுக் கடையில் அந்தத் தம்பி கேட்டபோது, போன் கடையில் கேட்கிற கேள்வியாக அது எனக்குப் படவில்லை. புதுமண்டபத்தில் கடைகள் இருந்த காலத்தில் வெண்கல விளக்கு வாங்கப் போனால் இப்படிக் கேட்டிருப்பார்கள். ஆனால் ஐந்து வருடம் கையோடு ஒட்டிக் கிடந்த சின்ன ஐபோனை விட்டுப் பெரிய ஆண்ட்ராய்டுக்கு மாறுவதைப் பற்றி எனக்கு யார் யாரோ சொன்ன அறிவுரைகள் எல்லாவற்றையும்விட அந்த ஒரு வரியில் சங்கதி முழுதாக இருந்தது. பழைய போன் என் கட்டைவிரலுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. புதியது கண்ணுக்கு அளவெடுத்தது.

“நெறைவாவே குடு தம்பி” என்றேன்.

அடக்கமாகக் கேட்டிருந்தாலும் அவனிடம் எடுத்துப்போட ஒன்றும் இருந்திருக்காது. 2007-இல் முதல் ஐபோன் வந்தபோது அதன் திரை 3.5 அங்குலம். 2011-இல் சாம்சங் 5.3 அங்குலத்தில் கேலக்ஸி நோட்டைக் கொண்டுவந்தபோது, தோசைக்கல்லைக் காதில் வைத்துப் பேசுவதா என்று சிரித்தவர்களில் நானும் ஒருவன். 2014-இல் ஐபோன் 6 பிளஸ் 5.5 அங்குலத்துக்குப் போனதும் அந்தச் சிரிப்பு அடங்கிவிட்டது. 2021-இல் வந்த 13 மினிக்குப் பிறகு மினி இல்லை. 2025 பிப்ரவரியோடு எஸ்இ வரிசையும் நின்றுவிட்டது. 4.7 அங்குலத் திரை, அடியில் வட்டப் பொத்தான், 148 கிராம் எடை: 2020-இல் நான் வாங்கிய அந்த உருவம் இனிப் பழைய போன் விற்கிற கடைகளில்தான் கிடைக்கும். எப்படியும் பெரியதற்குத்தான் போக வேண்டும் என்றானபின், வீட்டை மட்டும் மாற்றுவானேன், தெருவையும் மாற்றிப் பார்ப்போமே என்று கேலக்ஸி எஸ்24 அல்ட்ராவில் போய் நின்றேன். 6.8 அங்குலம், 232 கிராம்.

இந்த அங்குலக் கணக்கில் ஒரு வியாபாரத் தந்திரம் ஒளிந்திருக்கிறது. 4.7, 6.8 என்று பக்கத்தில் வைத்தால் ஒன்றரை மடங்குகூட வராது. திரையை மூலைக்கு மூலை குறுக்கே பிடித்து அளந்த கணக்கு அது. ஒத்தக்கடைப் பக்கம் மனை வாங்குகிறவர் யாராவது மூலைக்கு மூலை அளந்து விலை பேசுவாரா? நீளத்தையும் அகலத்தையும் பெருக்கிப் பார்த்தால் பழைய திரை சுமார் 61 சதுர சென்டிமீட்டர், புதியது 113. கிட்டத்தட்ட இரண்டு வீட்டு மனை. அதிலும் அகலத்தில் கூடியிருப்பது 14 மில்லிமீட்டர்தான், ஒரு சுண்டுவிரல் பருமன். மீதியெல்லாம் முருங்கை மாதிரி மேலே போன வளர்த்தி. ஐந்து சென்டிமீட்டருக்கு மேல். அந்த வளர்த்தியில்தான் கட்டைவிரலுக்கு வம்பு. அந்தச் சுண்டுவிரல் பருமனில்தான் தமிழுக்கு ஆதாயம்.

தம்பி கண்ணாடி ஒட்டத் தொடங்கினான். இது தனியாக நின்று பார்க்க வேண்டிய கைத்தொழில். முதலில் மேஜை விசிறியை அணைத்தான். ஈரத்துணியால் ஒரு துடைப்பு, காய்ந்த துணியால் ஒரு துடைப்பு. பிறகு ஒட்டுநாடாவைத் திரையில் அங்கங்கே ஒற்றி ஒற்றி எடுத்தான். என் கண்ணுக்குத் தெரியாத தூசி அவன் நாடாவில் ஏறிக்கொண்டிருந்தது. போனை விளக்குக்கு நேரே சாய்த்து, ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தான். டெம்பர் கிளாஸை இரண்டு ஓரத்திலும் நகக்கண்ணால் பிடித்து, முன்கேமரா ஓட்டைக்கு நேராக மேல் விளிம்பை வைத்து, மூச்சை நிறுத்தி, விட்டான். அது ஒரு கணம் காற்றின் மேல் மிதந்தது. நடுவில் ஆள்காட்டி விரலால் ஒரே ஒரு அழுத்து. வேட்டியில் தண்ணீர் பரவுகிற மாதிரி பசை நாலாபக்கமும் ஓடியது. பழைய போனில் இந்த ஓட்டம் கண் சிமிட்டுவதற்குள் முடிந்துவிடும். இதில் நின்று ரசிக்க நேரம் இருந்தது. கடைசியில் ஒரு மூலையில் மிளகு அளவுக்கு ஒரு குமிழி மட்டும் பிடிவாதமாக நின்றது. பழைய ஏடிஎம் கார்டின் விளிம்பால் அதையும் ஓட்டி வெளியே தள்ளினான்.

இந்தப் போனின் சொந்தக் கண்ணாடியே எதிரொளிப்பைக் குறைப்பதற்கென்று தனியாகச் செய்தது. மதுரை மதிய வெயிலிலும் திரை தெரியும் என்பதற்காகவே அதற்குக் கூடக் காசு. அதன்மேல் வேறொரு கண்ணாடியை ஒட்டினால் அந்த நயத்தில் பாதி போய்விடும் என்று தெரிந்தேதான் ஒட்டச் சொன்னேன். பட்டுச்சேலையைப் பாலிதீன் பையில் வைக்கிற குடும்பத்தில் பிறந்தவன்.

வீட்டுக்கு வந்து இரண்டு நாள் கட்டைவிரல் அந்நியத் தெருவில் அலைந்தது. ஐபோனில் பின்னால் போக வேண்டுமானால் இடது விளிம்பிலிருந்து விரலை உள்ளே இழுக்க வேண்டும். அதன் அழகு, பக்கம் விரலோடு வருவது. பாதியில் நிறுத்தினால் பக்கமும் பாதியில் நிற்கும். அடியில் முந்தைய பக்கம் மெல்லிய நிழலோடு எட்டிப் பார்க்கும். வேண்டாமென்று விரலைத் திருப்பினால் இதுவும் திரும்பிப் போய் ஒட்டிக்கொள்ளும். புத்தகத்தின் தாளைப் பாதி புரட்டிவிட்டு, “இரு, அந்த வரியை இன்னொரு தடவை படிக்கிறேன்” என்று விடுவோமே, அந்தச் சுகம். ஆண்ட்ராய்டில் 2019 முதல் இரண்டு விளிம்புகளில் எதிலிருந்து இழுத்தாலும் பின்னால் போகலாம். ஒரு சின்ன அம்புக்குறி குமிழி மாதிரி துருத்தி வெளியே வரும், விட்டதும் உள்ளே போகும். அழகில் ஐபோனுக்குப் பக்கத்தில் நிற்காது. ஆனால் வலது கையில் பெரிய போனைப் பிடித்திருப்பவனின் கட்டைவிரல் எங்கே இருக்கும்? வலது விளிம்பில். அங்கேயே வாசல் வைத்திருக்கிறார்கள். அழகான வாசல் தெருக்கோடியில் இருப்பதைவிட, சாதாரண வாசல் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது மேல் என்று மூன்றாம் நாள் கட்டைவிரல் ஒப்புக்கொண்டது. அதற்கும் அடங்காதவர்களுக்கு அடியில் மூன்று பொத்தான்களை நிரந்தரமாக வைத்துக்கொள்ளும் வழி இன்னும் இருக்கிறது. 2008-இல் வந்த முதல் ஆண்ட்ராய்டு போனிலேயே பின்னால் போகத் தனிப் பொத்தான் இருந்தது. ஐபோனில் இன்றுவரை அப்படி ஒன்று வந்ததில்லை. ‘செய்ததை விட்டு வெளியே வர’ ஒருவர் பொத்தானே வைத்தார், இன்னொருவர் கடைசிவரை வைக்கவில்லை என்பதில் இரண்டு வீட்டாரின் குணமும் தெரிகிறது.

முதலில் நான் குறை சொல்லிப் பிறகு வியந்தது ஒன்று உண்டு. இந்தப் போனில் செட்டிங்ஸைத் திறந்தால் மேலே கால்வாசிக்கும் அதிகமான இடம் சும்மா கிடக்கும். நடுவில் பெரிய எழுத்தில் தலைப்பு மட்டும். பட்டியல் அதற்குக் கீழேதான் தொடங்கும். இவ்வளவு பெரிய திரையைக் கொடுத்துவிட்டு இப்படித் தரிசாகப் போட்டிருக்கிறார்களே என்று எரிச்சலாக வந்தது. ஒரு மத்தியானம் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது விடை கிடைத்தது. இலையின் மேல்பாதியில் உப்பு, ஊறுகாய், கூட்டு, பொரியல். கீழ்ப்பாதியில் சோறு. கை பிசைகிற இடம் நம் பக்கம். கண் பார்த்து, விரல் எப்போதாவது போய்த் தொட்டுக்கொள்கிற இடம் எதிர்ப்பக்கம். சாம்சங் 2018-இல் அறிவித்த ‘ஒன் யுஐ’யின் அடிப்படை ஏற்பாடே இதுதான்: மேல்பகுதி பார்க்க, கீழ்ப்பகுதி தொட. பெரிய போன் செய்தவர்கள் கட்டைவிரலைக் கைவிடவில்லை, அதற்குச் சோறு விழும் பக்கத்தில் இடம் போட்டிருக்கிறார்கள். ஐபோனில் 2014-லேயே இதற்கு வேறொரு உபாயம் செய்தார்கள். வட்டப் பொத்தானை இரண்டு தடவை லேசாகத் தொட்டால் திரை முழுவதும் கீழே இறங்கி வரும். அது இலையையே இழுத்துப் போட்டுக்கொள்கிற மாதிரி. வேலை நடக்கும், பந்திக்கு அழகில்லை.

ஒன்றை மட்டும் இன்னும் மறக்க முடியவில்லை. ஐபோனில் நீளமான கட்டுரையில் எவ்வளவு ஆழத்தில் இருந்தாலும், திரையின் உச்சியில் மணி காட்டுகிற இடத்தை ஒரு தட்டு தட்டினால் பக்கம் சரசரவென்று தலைப்புக்கு ஏறிவிடும். இதில் இல்லை. இன்றும் அவ்வப்போது உச்சியைத் தட்டிவிட்டு, ஆள் இல்லாத வீட்டுக் கதவைத் தட்டியவன் மாதிரி நிற்கிறேன்.

இனித் தமிழுக்கு வருகிறேன். எனக்குப் போன் என்பது பாதி நேரம் மெய்ப்புத் திருத்துகிற மேஜை. விசைப்பலகையில் தமிழ்99 பழக்கம். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி வந்த அமைப்பு. உயிரெழுத்தெல்லாம் இடது கைக்கு, மெய் பெரும்பாலும் வலது கைக்கு. மலேசியாவின் முத்து நெடுமாறன் செய்த செல்லினம் இரண்டு வகைப் போனிலும் கிடைக்கிறது என்பதால் அந்த ஒரு சாமானை மட்டும் வண்டியில் ஏற்றாமல் இடுப்பிலேயே சொருகிக்கொண்டு வந்துவிட்டேன். அதில் ‘மங்கம்மாள்’ என்று அடித்துப் பாருங்கள். ம, ங, க, ம, ம, ஆ, ள, புள்ளி. எட்டுத் தட்டு. ங-வுக்குப் பின் க வந்தால் ங-வின் தலையில் புள்ளி தானாக ஏறும். அடுத்தடுத்து இரண்டு ம வந்தால் முதல் ம-வுக்குப் புள்ளி தானாக விழும். நாம் கேட்டு வாங்க வேண்டியது கடைசி ள்-க்கு மட்டும். தமிழில் எந்த எழுத்துக்குப் பின் எது வரும் என்கிற இலக்கணத்தை ஒரு விசைப்பலகை வாய் திறக்காமல் கற்று வைத்திருக்கிற இந்த நயத்தை நான் இருபது வருடமாக ரசிக்கிறேன். பழைய போனில் ரசனை இருந்தது, இடம் இல்லை. ஒரு வரிசைக்குப் பதினொரு விசை என்று வைத்தால் ஒன்றுக்கு ஐந்தே கால் மில்லிமீட்டர். ண-வைத் தொட்டால் ட விழும். இப்போது ஆறரை. அந்த ஒன்றே கால் மில்லிமீட்டரில் என் பிழைகள் பாதியாகிவிட்டன.

எழுத்தின் முகமும் மாறியது. ஐபோனில் நெடுநாளாகத் தமிழைக் காட்டிவருவது ‘தமிழ் சங்கம் எம்என்’ என்கிற எழுத்துரு. அதை வடித்தவரும் அதே நெடுமாறன்தான். ஆப்பிள் கருவிகளில் தேவநாகரிக்கும் வங்காளத்துக்கும் தெலுங்குக்கும்கூட ‘சங்கம் எம்என்’ என்றுதான் பெயர். இந்தி எழுத்துக்கே சங்கம் என்று பெயர் இருப்பதைப் பார்த்து மதுரைக்காரன் மீசையைத் தடவிக்கொள்ளலாம். ஆண்ட்ராய்டுப் பக்கம் கூகுள் வளர்த்த எழுத்துருக் குடும்பத்துக்கு ‘நோட்டோ’ என்று பெயர். எழுத்துரு இல்லாவிட்டால் திரையில் கட்டம் கட்டமாகத் தெரியுமே, அந்தக் கட்டத்துக்கு அவர்கள் வட்டாரத்தில் ‘டோஃபு’ என்று செல்லப்பெயர். டோஃபுவே கூடாது, ‘நோ டோஃபு’, அதன் சுருக்கம் நோட்டோ. பதினைந்து வருடத்துக்கு முன் ஆண்ட்ராய்டில் தமிழ்க் குறுஞ்செய்தி வந்தால் மைசூர்பாகு அடுக்கிய தட்டு மாதிரி தெரிந்ததை அனுபவித்தவர்களுக்கு இந்தப் பெயர் இனிக்கும்.

ஆனால் எந்த எழுத்துருவாக இருந்தாலும் அளவு கூடும்போதுதான் அதன் ஒழுக்கம் தெரிகிறது. ர-வுக்கும் துணைக்காலுக்கும் உள்ள வேற்றுமை என்ன? காலடியில் சாய்ந்து இறங்கும் ஒரு குட்டிக் கோடு. அவ்வளவுதான். பழைய எழுத்துருக்களில் அடித்து ஒருங்குறிக்கு மாற்றிய கட்டுரைகளில் ‘பரிசு’ என்று இருக்க வேண்டிய இடத்தில் ப, துணைக்கால், அதன் தலையில் ஒரு கொக்கி என்று இருக்கும். சின்னத் திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ‘பரிசு’ என்று தேடினால் மட்டும் கிடைக்காது. ‘ஔவை’க்கும் ஒ-வும் ள-வும் சேர்த்து அடித்த ‘ஒளவை’க்கும் அதே கதை. புதிய போனில் முதல் வாரம் என் பழைய கோப்புகளைத் திறந்தபோது, நானே திருத்தி அனுப்பிய பக்கங்களில் காலொடிந்த ர-க்கள் வரிசையாக நின்றன. நிறைவு என்று அந்தத் தம்பி சொன்னதில் இவ்வளவு சங்கடம் இருக்கும் என்று நினைக்கவில்லை.

வரியும் நீண்டது. நம் மொழியில் சொல் ஒன்றே ரயில்பெட்டி நீளம் ஓடும். குறுகிய திரையில் வரிக்கு மூன்று சொல்தான் உட்காரும். நான்காவது இடமில்லாமல் அடுத்த வரிக்கு இறங்கிவிட, வலதுபக்கம் பல் விழுந்த வாய் மாதிரி பொக்கையாக இருக்கும். சுண்டுவிரல் பருமன் கூடியதும் நான்கு, ஐந்து சொல் அமர்கிறது. வாக்கியத்தின் மூச்சு ஒரு வரியில் நிற்கிறது.

போனுக்குள் ஒரு பேனா இருப்பதைச் சொல்லவில்லையே. அடியில் ஒரு அழுத்து அழுத்தினால் கிளிக்கென்று தலை நீட்டும். திரை அணைந்திருக்கும்போதே உருவி எழுதலாம். சிலேட்டில் எழுதுகிற மாதிரி கருப்பின் மேல் எழுத்து விழும். அழுத்தினால் கோடு தடிக்கும், இளக்கினால் மெலியும். ழ-வின் வாலை இழுத்து முடிக்கிற இடத்தில் அந்த மெலிவு வருவதற்காகவே சில சொற்களை வேண்டுமென்றே எழுதுகிறேன். ஓலையில் எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று ஏட்டுக்காரர்கள் புள்ளியையே விட்டுவிட்டார்கள். இதில் எத்தனை குத்து குத்தினாலும் தாங்குகிறது.

இந்த நினைப்போடுதான் ஒரு சாயங்காலம் கீழக்குயில்குடிக்குப் போனேன். தாமரைக் குளம், அய்யனார் கோயில், ஆலமரம் தாண்டிப் படியேறினால் சமணர் மலையில் பேச்சிப்பள்ளம். பாறையில் தீர்த்தங்கரர் உருவங்கள் வரிசையாக இருக்கும். அடியில் ஆயிரம் வருடத்துக்கு மேற்பட்ட வட்டெழுத்து. வெயில் சாய்வாக விழும் நேரத்தில் வெட்டுப்பள்ளத்தில் நிழல் தங்கும். எழுத்து அப்போதுதான் வாய் திறக்கும். பழைய போனில் இதே இடத்தைப் பலமுறை படமெடுத்து, விரலால் விரித்து விரித்து, ஒரு நேரத்துக்கு இரண்டு எழுத்தாகப் பார்த்திருக்கிறேன். அடுத்த இரண்டுக்கு நகர்ந்தால் முந்தைய இரண்டும் மறந்துவிடும். இப்போது போனைப் படுக்கையாகத் திருப்பினால் ஒரு வரி முழுதாகக் கிடக்கிறது. இந்தப் பக்கத்துச் சமணக் கல்வெட்டுகளில் இன்னார் செய்வித்த திருமேனி என்று வருவது வழக்கம். ஆனால் கல்லில் புள்ளி கிடையாது. ஏகார இரட்டைக்கொம்பும் கிடையாது. இன்றைய எழுத்தில் அப்படியே பெயர்த்தால் ‘செயவிதத திருமெனி’ என்றுதான் இருக்கும். புள்ளியைப் படிக்கிறவனே மனத்துக்குள் வைத்துக்கொள்ள வேண்டும். அங்கேயே பாறையில் உட்கார்ந்து அதைச் செல்லினத்தில் அடித்தேன். த, த என்று இரண்டு தடவை தட்டியதும் முதல் த-வின் தலையில் புள்ளி வந்து உட்கார்ந்தது. சிற்றுளிக்காரன் படிப்பவனுக்கு விட்டுவைத்ததைப் போன் தானே வைத்துக்கொண்டது.

அங்கே ஒன்றைக் கவனித்தேன். கேமராவில் ஜூமை மிகக் கூட்டினால், ஒரு எல்லைக்கு மேல் போன் தன் ஊகத்தால் படத்தைத் தெளிவாக்கத் தொடங்கும். பாறையின் சொரசொரப்பு வழவழப்பாகும். பொரிந்துபோன இடத்தில் கோடு தொடர்வது போலத் தெரியும். கல்வெட்டு படிக்கிறவனுக்கு இந்த உதவி ஆகாது. ஜூமை அளவோடு வைத்து எடுத்து, இருக்கிற தெளிவோடு நிறுத்திக்கொள்வதே நல்லது.

மற்ற குடிமாற்ற வேலைகளில் சொல்ல அதிகம் இல்லை. வாட்ஸ்அப் பேச்சுகளை ஒரு ஒயரால் இரண்டு போனையும் கட்டி ஊற்றிக்கொண்டேன். இந்த வசதி 2021-இல்தான் வந்தது. ஜிபே தானாக ஒரு எஸ்எம்எஸ் அனுப்பித் தன்னை நிரூபித்துக்கொண்டது. அமெரிக்காவில் ஐபோன்காரர் செய்தி நீலக் குமிழி, மற்றவர் செய்தி பச்சைக் குமிழி என்று பெரிய ஏற்றத்தாழ்வாம். நமக்கு வாட்ஸ்அப்தான் பந்தி, எல்லாருக்கும் ஒரே இலை. சிம்மக்கல் டீக்கடையில் “சி டைப் பின் இருக்காண்ணே” என்று கேட்டால் நாலு கை நீளும். “ஐபோன் பின்” என்று கேட்டு இத்தனை வருடம் வாங்கிய பார்வைக்கு இது விமோசனம். பேட்டரி 1821-இலிருந்து 5000 மில்லிஆம்பியர்-மணிக்குப் போனபின் கேட்கவேண்டிய தேவையே அபூர்வம் என்பது வேறு விஷயம்.

சட்டைப்பையில் கூடிய 84 கிராம் மட்டும் இன்னும் பழகவில்லை. இரண்டு எலுமிச்சம்பழத்தைப் போட்டுக்கொண்டு நடக்கிற மாதிரி இடதுபக்கம் தொங்குகிறது.

போன வெள்ளிக்கிழமை மீனாட்சி கோயிலுக்குப் போனேன். 2018 பிப்ரவரியில் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்த அடுத்த மாதத்திலிருந்து உள்ளே செல்போன் கிடையாது. வாசலில் கொடுத்துவிட்டு டோக்கன் வாங்க வேண்டும். கொடுப்பதற்கு முன் சத்தத்தை நிறுத்தலாமென்று போனைக் கையிலெடுத்தேன். என் பழைய ஐபோனின் இடது விளிம்பில் ஒரு சின்ன நெம்பு உண்டு. துக்க வீட்டிலும் கூட்டத்திலும் பைக்குள்ளேயே விரலால் தடவித் தள்ளிவிடலாம், போனைப் பார்க்கவே வேண்டாம். என் கட்டைவிரல் இடது விளிம்பில் மேலிருந்து கீழ்வரை போனது, திரும்பி மேலே வந்தது, மறுபடி கீழே போனது. பின்னால் வரிசை நின்றது.

“என்ன சார் தேடுறீங்க?” என்றார் கவுண்டரில் இருந்த அம்மா.

“ஒண்ணுமில்லம்மா” என்று கொடுத்துவிட்டு டோக்கனை வாங்கிக்கொண்டேன். கைக்கு அடக்கமாக இருந்தது.